கட்டுக்கம்பியில் தொங்கிய சைலன்சர்

சடையப்பனின் வேன் தெருமுனை திரும்புவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். வேகத்தடையில் இறங்கும்போது, அடியில் தொய்ந்து கிடந்த சைலன்சர் தார்ச்சாலையை உரசி, அடிபிடித்த சட்டியைச் சுரண்டுவது போல் சத்தம் போடும். அது கேட்டதும் லோகநாயகியின் காலில் செருப்பை மாட்டிவிடுவேன். அவளுக்குச் சிறுநீரகம் பழுது. திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். என் பெயர் ரெபேக்காள். வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். எழுபதைத் தாண்டியும் கை கால் ஓடுகிறது, அதனால் வேலையை விடவில்லை. லோகநாயகியோடு போய் வருவது என் பொறுப்பு.

சடையப்பன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நிலம் மனைகளான பிறகு லாரி ஓட்டினான். பிறகு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றும் பஸ். வயது ஏறியதும் சொந்தமாக ஒரு பழைய வேன். அவன் மனைவி பெயர் வேண்டா. முருகன் கோயில் வாசலில் பூ விற்றவள். சவாரி இல்லாத நாளில் பின் சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, பூக் கட்டிக்கொண்டே அவனோடு ஊர் சுற்றுவாள். காற்றில் பூ பறக்கிறது என்று கண்ணாடியை ஏற்றச் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியில் அதே சீட்டில் இறந்தாள்.

அதன் பிறகும் அவன் கண்ணாடியை இறக்கியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குள் சாம்பிராணி போட்டு, அந்த இடத்தில் ஒரு முழம் பூ வைப்பான். அங்கே யாரும் உட்காரக் கூடாது. நான் நடுவில் உட்காருவேன், லோகநாயகி வலது ஓரம்.

வண்டியில் எது போனாலும் அவனே சரிசெய்வான். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் அறுந்தபோது முதலில் தேங்காய்நார்க் கயிறு கட்டினான். சூட்டில் கருகிப்போனது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்திக் கட்டினான். அது வளைந்து தொங்கியது. கடைசியில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து கட்டுக்கம்பி வாங்கிவந்து, பல சுற்று சுற்றி, குறடால் முறுக்கி, சைலன்சரை அடித்தகட்டோடு சேர்த்து இறுக்கினான்.

"இனிமே அசையாது யக்கா," என்றான்.

அசையவில்லைதான். சுரண்டுகிற சத்தமும் நின்றது. அதற்குப் பிறகுதான் வேண்டா வர ஆரம்பித்தாள்.

அது எனக்குத் தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வண்டிக்குள் சாம்பிராணி வாசனை. பாதி வழி தாண்டியதும் லோகநாயகி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். குமட்டுகிறது என்றாள். கொஞ்ச நாளாகவே போகும்போது இப்படித்தான். விரலில் மாட்டும் மிஷினைப் போட்டுப் பார்த்தேன், ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. எனக்கும் தலை பாரமாக இருந்தது. அப்போது என் இடது காதருகே ஒரு பெண்குரல், அவசரமே இல்லாமல் சொன்னது: "சத்தம் மாறுது. நிறுத்து."

திரும்பினேன். சீட்டில் பூதான் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சடையப்பன் வண்டியை ஓரங்கட்டினான்.

"இன்னாத்துக்கு நிறுத்துன?" என்றேன்.

"வேண்டா சொல்றா யக்கா. சத்தம் மாறுது, நிறுத்துன்றா. கம்பி கட்டுன நாள்லேர்ந்து வந்துகினு கீறா. நானும் எறங்கிப் பாக்கறேன், ஒண்ணும் இல்ல. இன்னும் ஒரு சுத்து இறுக்கிட்டுப் போறேன்."

லோகநாயகி கண்ணை மூடியபடியே சொன்னாள். "உசுரோட இருக்கும்போது அவ சொன்னத கேட்டிருந்தா, செத்தும் வந்து கத்தணும்னு அவளுக்குத் தலையெழுத்தா?"

அவளைக் கைத்தாங்கலாக இறக்கிப் புளியமரத்தடியில் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் அவளுக்குக் குமட்டல் அடங்கியது. எனக்கும் தலை தெளிந்தது. சடையப்பனும் நெற்றியைத் தேய்ப்பதை விட்டுவிட்டான். நோய் அவளுக்கு மட்டும்தான், தலைவலி மூன்று பேருக்கும். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

பின் சீட்டின் கீழே கிடந்த பாயைத் தூக்கினேன். கடற்காற்றில் துருப்பிடித்த தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. குனிந்து அடியில் பார்த்தேன். புகைக்குழாய் சைலன்சரோடு சேரும் இடத்தில் விரிசல், அதைச் சுற்றிக் கரி.

"கட்டுக்கம்பிதான் காரணம்," என்றேன். "எஞ்சின் குலுங்கிக்கினே இருக்கும். ரப்பரா இருந்தா அந்தக் குலுக்கல் அதோட போயிடும். நீ கம்பியில விறைப்பா கட்டிட்டே, அது மொத்தமும் குழாய்ல எறங்கி ஒடச்சிடுச்சு. சத்தம் மாறுனது நெசந்தான். புகை ஓட்ட வழியா உள்ள வருது, கண்ணாடியும் மூடிக் கீது. அதுல இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது. இருக்கற நாத்தத்தையும் உன் சாம்பிராணி மறச்சிடுது. விரல் மிஷினும் இதுல ஏமாந்துடும். ரத்தத்துல ஏறுனா இல்லாதது கேக்கும், கடைசியில தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துலேர்ந்து எழுந்திரிக்க மாட்டே."

அவன் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி பண்ணிட்டா அவ வர மாட்டாளா?"

"மாட்டா."

"அப்ப வேணாம் யக்கா. உங்களுக்கு வேற வண்டி பேசி உடறேன். நான் தனியா ஓட்டிக்கறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்து, மருந்து வேண்டாம் என்று சொன்னவர்களின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

லோகநாயகிதான் பேசினாள். "அண்ணாத்த, எத்தினி நாளா என்ன அந்தப் புகையில உக்கார வெச்சு இட்டுகினு போற? நான் செத்திருந்தா நானும் பின்னாடி உக்காந்துகினு பேசியிருப்பேன். எனக்குக் கண்ணாடி தொறந்தே இருக்கணும், அவளுக்கு மூடணும். ரெண்டு பேருக்கும் நடுவுல நீ எப்படி வண்டி ஓட்டுவே?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பிறகு அவனே போய் ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கினான். செங்கல்பட்டு வரைக்கும் காற்று முகத்தில் அறைந்தது. வேண்டாவின் பூ அவிழ்ந்து வண்டி முழுக்கச் சிதறியது.

மறுநாள் அவன் கட்டுக்கம்பியை வெட்டி எறிந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். விரிசலைப் பால் பவுடர் டப்பாத் தகரத்தால் சுற்றிக்கொள்கிறேன் என்றான். வெல்டிங் வைத்தால்தான் லோகநாயகியை ஏற்றுவேன் என்றேன், வைத்தான். தரை ஓட்டைக்கும் தகடு அடித்தார்கள். வளையம் மட்டும் அவன் கைவேலை. பழைய லாரி டயரிலிருந்து கனமான பட்டைகளை அறுத்து, துளை போட்டு, போல்ட்டில் மாட்டினான். சைலன்சரைக் கையால் தள்ளினால் லேசாக ஆடித் தன் இடத்துக்கு வந்தது. அது போதும்.

இப்போதும் ஏறுவதற்கு முன் நான் குனிந்து அடியில் பார்க்கிறேன். அவனை நம்பாமல் இல்லை. ஆனால் சரிசெய்த முதல் மாதத்தில் ஒரு நாள் டேஷ்போர்டில் புதுக் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவனும் தேடவில்லை.

போன வாரம் கோவளத்தில் ஒரு நோயாளியை விட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டான். "யக்கா, பின்னாடி எதுனா கேக்குதா?"

கேட்டுப் பார்த்தேன். ரப்பர் மெல்லக் கிறீச்சிட்டது. கடற்காற்று.

"ஒண்ணும் இல்ல," என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஓட்டினான்.

புகை மூளைக்குள் போனால் குரல் கேட்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் வாயால் சொல்வதற்கு முன்பே அதே வார்த்தைகள் என் காதில் எப்படி விழுந்தன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அதைத் துருவவில்லை. வண்டியில் ஏறினால் இப்போதும் நடுவில்தான் உட்காருகிறேன். இடது ஓரம் காலியாகக் கிடக்கும். என் பையைக்கூட மடியில்தான் வைத்துக்கொள்கிறேன்.