ஐஸ் பெட்டிக்குள் ஓஸ்கார்

பேசாலையில் கடற்றொழில் செய்த அந்தோனி அண்ணை போன கிழமை போன் எடுத்தார். அவசரமாம். ஓடிப்போனால்... மீனுக்குச் சுகமில்லை!

கடல் மீன் அல்ல. முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் வளரும் ஓஸ்கார் என்ற அலங்கார மீன். மகள் கனடாவுக்குப் போகுமுன் வாங்கி வைத்தது. மனைவியும் இறந்த பிறகு அந்த வீட்டில் அசைகிற உயிர்கள் இரண்டுதான் — அவரும் அதுவும். தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுத்தான் சாப்பிடுவார். மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"தீன் தின்னுதில்லைத் தம்பி. குஞ்செல்லே, தாங்குமோ?"

குஞ்சா? உடம்பு சாணளவுதான். ஆனால் அந்த உடம்புக்குக் கண் மிகப் பெரிது. மன்னார் டவுணில் அலங்கார மீன் விற்கும் நஸீரை வீடியோ கோலில் பிடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"அண்ணே, இது குஞ்சில்ல, கிழவன்! கண் வளர்ந்திருக்கு, உடம்புதான் வளரல்ல. ஆத்துல இருந்திருந்தா உங்கட முழங்கை நீளத்துக்கு வந்திருக்கும்."

அண்ணை நம்பவில்லை. வாழ்நாளெல்லாம் வலையில் வந்ததை அளவு பார்த்தே பிரித்தவர். சின்னன் குஞ்சு, கடலில் திருப்பிப் போடு. பெரிசு முற்றினது, பெட்டியில் போடு. கடலில் சரிவந்த கணக்கு.

"தொட்டியின்ர அளவுக்குத்தானே மீன் வளரும்?"

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம் — ஏதோ மீனே இடத்தை அளந்துபார்த்து, 'இவ்வளவு போதும்' என்று நிறுத்திக்கொள்வதுபோல. அது நிறுத்துவதில்லை. கொஞ்சத் தண்ணீரில் அதன் கழிவே அதைச் சுற்றி நிற்கிறது. உடம்பு முடங்கிப்போகிறது.

"பெரிய இடத்துக்கு மாத்துங்க. இனி வளராது, ஆனா சுகமா இருக்கும்," என்றார் நஸீர். "குளத்துல மட்டும் விட்டுராதீங்க. அங்க உள்ள குஞ்செல்லாத்தையும் திண்டிரும்."

அண்ணை எழும்பினார். பின்வளவில் கிடந்த, படகில் மீன் போடும் பெரிய ஐஸ் பெட்டியை இழுத்துவந்தார். இருவருமாகத் தேய்த்துக் கழுவினோம்.

"இதுக்குள்ள விட்டா முகம் தெரியாதே, அண்ணை?"

"ஓம், தெரியாதுதான்."

கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலைத்துண்டை எடுத்தார்.

நேற்றுப் போனேன். மீன் தின்கிறதாம். பெட்டிக்கு அருகே கதிரை. மேலிருந்து எட்டிப் பார்த்தால் கறுத்த முதுகு மட்டும். சில வேளை அதுவும் இல்லை. நல்லாயிருக்கட்டும் என்று பெரிய இடத்துக்கு அனுப்பினால் முகம் போய்விடுகிறது. இது தெரியாத வீடு இந்தக் கரையில் எத்தனை?

"வால் அடிக்கிற சத்தம் கேக்கும்," என்றார் அண்ணை. "அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவன். நீங்களும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுங்கோ தம்பி."

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். கோப்பையை எடுத்தேன்.