“கைய வுடுங்க சார்!”

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. விமானப் பணிப்பெண் ஆகும் ஆசையில் நெய்வேலியில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பயணி என்ன செய்தாலும் சிரிக்க வேண்டும் என்பார் பயிற்சியாளர். ஒருநாள் அவரே பயணியாக நடித்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சிரித்தேன். பிடி இறுகியது. பயந்துபோய், “கைய வுடுங்க சார்!” என்று கத்திவிட்டேன்.

“இப்படிக் கத்தினா எங்கயும் வேலை கிடைக்காது. மன்னிப்புக் கேளு” என்றார்.

“கேக்க மாட்டேன் சார்” என்று வெளியே வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே தயாரானேன்.

சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் நேர்காணலிலும் அதையே கேட்டார்கள்: பயணி கையைப் பிடித்தால்?

“எடுக்கச் சொல்வேன். கேட்காவிட்டால் சீனியரிடம் புகார் சொல்வேன்” என்றேன். தேர்வானேன்.

இன்று பயணிகளிடம் மனசாரச் சிரித்துப் பேசுகிறேன். யாராவது எல்லை மீறினால், அந்த நிமிடமே சிரிப்பை நிறுத்திவிட்டு நாலு பேருக்குக் கேட்கும்படி கண்டிக்கிறேன்.

- ஒரு வாசகி, வடக்குத்து