பூசாரிக்காகப் பூக் கேட்ட அக்கா

இன்று காலை பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கை அக்காவின் மடியில் வெற்றிலைக் கூடை. அதன் மேல் என் நாவல்!

எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"கதை எப்படிங்கக்கா?"

"தடயவியல் ஆபீசரா இருக்கற புள்ள சொந்த ஊருக்கு வந்து, கோயில்ல நடந்த கொலையத் துப்பறியுதுங்க. எல்லாரும் பூசாரியத்தான் சந்தேகப்படறாங்க. பாதிக்கு மேல எனக்கு மனசு தாங்கலீங்க. நேத்து எங்க மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுட்டேன்."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்தாராம். சிவப்பு வந்தால் பூசாரிதான் கொலைகாரன். வந்தது வெள்ளை.

நானோ கடைசி அத்தியாயத்தில் கைரேகையோடு பூசாரியைத்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஒருவேளை கடைசியில பூசாரிதான்னு வந்துட்டா?"

"அப்ப எழுதுனவரு தப்பா எழுதிப்போட்டாருன்னு அர்த்தமுங்க. ஆத்தா பொய் சொல்லுமா?"

நாமக்கல்லில் இறங்கியும் சிரிப்பு அடங்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் பூசாரியை விடுதலை செய்துவிடலாம் என்றிருக்கிறேன். பதிலுக்கு யாரை உள்ளே தள்ளுவது? பூக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.