மொண்டெல்லோ மேல்மாடியில் ஆறு கஞ்சாச் செடிகள்

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் கடற்கரை ஊரான மொண்டெல்லோவில், சின்யோரா என்று நான் கூப்பிட்ட ஒரு பெண்ணின் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். அவளுடைய தம்பியும் அங்கேதான் இருந்தார். நாற்பது வயது, வேலை கிடையாது. மேல்மாடியில் ஆறு பெரிய சாடிகளில் கஞ்சா வளர்த்தார். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

அவை கலப்பினம் என்று பெருமையோடு விளக்குவார். தாய், வெப்ப நாட்டுச் செடி. ஆளை மிஞ்சி வளரும், இலை விரல்போல் ஒடுங்கியிருக்கும், புகைத்தால் தலைக்குள் ஓட்டம் எடுக்கும். தகப்பன் மலைநாட்டுக் குள்ளன். அகன்ற இலை, புகைத்தவனை உட்கார்ந்த கதிரையோடு ஒட்டிவிடும். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில், என் நெஞ்சளவு உயரம். பூவைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எலுமிச்சைத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது.

அந்தப் பூவை அவர் கடற்கரையில் விற்கத் தொடங்கினார். அங்கே ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

ஓகஸ்ட் மாதத்து மத்தியானம், மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் அவரைத் தலைமயிரில் பிடித்து மேலே இழுத்து வந்தார்கள். தடித்தவன் அவர் முகத்தைக் கைப்பிடிச் சுவரில் மோதினான். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவன் செடிகளைப் பிடுங்கிச் சாடிகளை உடைத்தான்.

“விதை எங்கே?”

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவர் கையைப் படியில் அழுத்தி, உடைந்த சாடித் துண்டால் விரல்களில் ஓங்கிக் குத்தினான் தடித்தவன். மறுபடியும் ஓங்கினான்.

எனக்கு இத்தாலிய மொழி மறந்துவிட்டது. “குசினிக்கை கிடக்கு! விடுங்கோ அவரை!” என்று கத்தினேன். மற்றவன் என் கன்னத்தில் அறைந்தான். சாடி ஓடுகளின் மேல் விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்து குசினிக்கு ஓடி, அடுப்புக்கு மேல் தட்டில் விதை இருந்த கோப்பி டின்னைக் கொண்டுவந்து அவன் காலடியில் எறிந்தேன். எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். பிறகு இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை.

பதினைந்து நாள் கழித்து, நான் குசினியில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “டின்னை ஏன் கொடுத்தாய்? நாலு வருஷம் கலந்து கலந்து எடுத்த விதை அது!”

“உங்கடை கையை உடைச்சுக்கொண்டிருந்தவங்கள்” என்று தமிழிலேயே சொன்னேன். அடுப்பில் இருந்த கோப்பிப் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தார். கொதித்த கோப்பி என் கழுத்தில் வழிந்தது.

துடைப்பத் தடியால் அவர் தோளில் அடித்தேன். கட்டுப்போட்ட கையால் தலையை மூடிக்கொண்டு நிலத்தில் குந்தினார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சின்யோரா ஓடிவந்து வீறிட்டபோதுதான் தடியைப் போட்டேன். அப்படியே இறங்கிப் பஸ் எடுத்தேன்.

வீட்டில் கணவர் கழுத்துக்கு மருந்து பூசினார். “பொலிசுக்குப் போனானெண்டா எங்கடை பெர்மெஸ்ஸோ என்னாகும்? இஞ்சை இருக்க விடுவாங்களே?”

“போகமாட்டான். போனா செடியைப் பற்றியும் கதைக்க வேணும்.”

“எத்தினை அடி அடிச்சனீ?”

“எண்ணேல்லை.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கும்போது இருந்த ஆறுதலை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு கிழமை கழித்துச் சின்யோரா தொலைபேசியில் கூப்பிட்டாள். தம்பி அழுகிறாராம், மன்னிப்புக் கேட்கிறாராம், திங்கட்கிழமை வரச் சொன்னாள். வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.