கூடை பின்னிக் குணமானவர்

பிரம்புக் கூடையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கும். நான் பார்த்த ஒரே கௌரவமான உத்தியோகத்தை வாங்கித் தந்தது அதுதான். நான் எவ்வளவு அற்பமான ஆள் என்று காட்டிக் கொடுத்ததும் அதுதான்.

யுத்தம் இதோ முடியப் போகிறது என்று எல்லோரும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அடையாற்றில் ஒரு பழைய தோட்ட பங்களாவை எடுத்து, சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் மனநோய் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். முன்கட்டில் வசதியுள்ளவர்கள். பின்னால், ஒரு காலத்தில் குதிரை கட்டிய கொட்டிலில், மாதர் கமிட்டி ஒன்றின் தயவில் தர்ம வார்டு. டாக்டரைச் சூப்பரிண்டெண்டு என்றுதான் எல்லோரும் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தவிர வேறு டாக்டர் கிடையாது. ஆகவே அவர் யாருக்கு மேலதிகாரி என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சீமையிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற வார்த்தை. நோயாளிகளுக்குக் கையில் ஒரு வேலை கொடுத்து, அதன் வழியாகப் புத்தியைச் சீர்ப்படுத்துவது. அதற்கு ஓர் ஆள் வேண்டுமென்று விளம்பரம் செய்தார். நான் மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, பி.ஏ. தேறியவன் என்பதைத் தவிர வேறு தொழில் இல்லாமல் இருந்தேன். போய் நின்றேன்.

"பிரம்பு வேலையில் பழக்கம் உண்டா?" என்றார்.

மெஸ் வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்துவந்தேன். "நிறைய உண்டு சார்" என்றேன். என் கையெழுத்தையும் பார்த்தார். முத்து முத்தாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

மெஸ்ஸில் என் எதிர் இலைக்காரர் கேட்டார்: "பைத்தியங்களுக்கு வாத்தியாரா? பாத்துடா. பரீட்சை வெச்சு நீயே முதல் மார்க் வாங்கிண்டு வந்துடாதே."

ராயப்பேட்டையிலிருந்து ஒரு பிரம்புக்காரர் வந்து எங்கள் எல்லோருக்கும் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வார முடிவில் தர்ம வார்டில் பாதிப் பேர் கூடை பின்னினார்கள். நான் பின்னியதைத் தரையில் வைத்தால் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. வார்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், படுத்துக்கினு கீது. எழுப்பாதீங்க சார்" என்றார். அன்றோடு நான் பின்னுவதை விட்டுவிட்டேன். மேற்பார்வை என்று ஒரு கலை இருக்கிறது. கைவேலை தெரியாதவர்களுக்காகவே ஏற்பட்டது. அதில் இறங்கினேன்.

சூப்பரிண்டெண்டின் தடிப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. எந்த நோயாளிக்கும் அவனுடைய சொந்தத் தொழிலைக் கொடுக்கக் கூடாது. அது பழைய கவலைகளைக் கிளப்பிவிடும். ஆகவே டிரில் மாஸ்டருக்குக் கம்பளி நூலும் இரண்டு மொட்டைக் குச்சிகளும். ஹோட்டலில் பலகாரம் போடும் சரக்கு மாஸ்டராக இருந்தவருக்குக் களிமண். தையற்காரருக்குப் பிரம்பு. இதில் உள்ள மடத்தனம் எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும். எனக்கு அப்போது இருபத்தாறு.

அந்தத் தையற்காரரை எல்லோரும் டெய்லர் பாய் என்போம். லஸ் பக்கத்தில் ஒரு கடையில் மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். அவருடைய ஒரே பெண் குழந்தை ஜுரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. கடையில் ஒரு சட்டைக் கையைத் தைப்பார், பிரிப்பார், மறுபடி அதையே தைப்பார். கடை முதலாளி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மைத்துனர் ரிக்ஷாவில் கொண்டுவந்து எங்களிடம் விட்டார். இரண்டு மாதத்தில் பாய்க்குத் தூக்கம் வந்தது. நாலாவது மாதம் பழையபடி பேச ஆரம்பித்தார். ஆறாவது மாதம் அந்தக் காம்பவுண்டுக்குள் அவரைவிடத் தெளிவான ஆள் கிடையாது. என்னையும் சூப்பரிண்டெண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் செய்த தப்பு பிரம்பைக் கற்றுக்கொண்டதுதான். கண்ணாலேயே அளவெடுக்கும் மனுஷர். அவர் பின்னிய கூடையில் பின்னல் கண் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பது கிடையாது. கமிட்டிப் பெண்மணிகள் காரில் வந்து எடுத்துப் போனார்கள். தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த கைத்தொழில் கண்காட்சியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு, 'பிரம்பும் மனித மனமும்' என்று நான் பத்து நிமிஷம் பேசினேன். கைதட்டினார்கள். கூடையைப் பின்னியவர் அந்த நேரத்தில் கொட்டிலில் பூட்டுக்குள் இருந்தார்.

மாதம் ஒரு தரம் போர்டு கூடும். அதாவது சூப்பரிண்டெண்டு நாற்காலியில் உட்காருவார்; நான் நின்றுகொண்டு என் ரிப்போர்ட்டைப் படிப்பேன். யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதை வைத்துத்தான் தீர்மானம். டெய்லர் பாய் பெயருக்கு எதிரில் மாதாமாதம் என் முத்தான எழுத்தில் 'வேலையில் அதிசிறப்பு' என்று எழுதுவேன். சூப்பரிண்டெண்டு சீமைப் புகைக்குழாயை இழுத்து விட்டுக்கொண்டு, "வேலைதான் அவனைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. எடுத்தா சரிஞ்சுடுவான். கன்டின்யூ" என்பார். நான் தலையாட்டுவேன். அடுத்த கண்காட்சி தை மாதத்தில் என்பது இருவர் மனத்திலும் இருந்தது. இருவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் பாய் கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கவா சார்? கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க பாய்."

"செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினே கெடந்தானே ஒருத்தன், ஒரு குச்சியத் தொடல, வூட்டுக்குப் போயிட்டான். டிரில் மாஸ்டரு நூலு பூரா சிக்கலாக்கி வெச்சாரு, அவரும் பூட்டாரு. நான் பின்னிக்கினே கீறேன். இது இன்னா கணக்கு?"

"நீங்க வேலை ரொம்ப நல்லா செய்யறீங்க. அதனாலதான்..."

"அதனாலதான்?"

பத்து மாதமாக நானே எழுதியதை முதல் தரம் காதால் கேட்ட மாதிரி இருந்தது.

"அப்போ நல்லா செய்யறதுதான் பைத்தியமா சார்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "நோன்புக்கு இன்னும் அஞ்சு வாரம் கீது. அது வரைக்கும்தான் முதலாளி என் மிஷின வெச்சிருப்பாராம், வூட்டுக்காரி வந்து சொல்லிச்சு. பிறை தெரிஞ்சா பண்டிகைத் துணி வந்து குவியும். வேற ஆள ஒக்கார வெச்சுடுவாரு. அவர் மேல குத்தம் சொல்ல முடியாது. அந்த மிஷின் போச்சுன்னா நான் வெளிய வந்து இன்னா பண்றது, கூட பின்றதா?"

அன்று மெஸ்ஸில் சாதம் இறங்கவில்லை. இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, நானே கட்டிய முடிச்சு, நானே அவிழ்க்கிறேன் என்று அந்த மாத ரிப்போர்ட்டில் மாற்றி எழுதினேன்: 'கூடை பின்னுவதில் ஆர்வம் குறைந்துவிட்டது. தன் பழைய தொழிலுக்கே போக வேண்டும் என்கிறார்.' இதைவிடத் தெளிவாக ஒருவனை வெளியே அனுப்பச் சொல்ல முடியுமா என்று எனக்கு ஒரே பெருமை.

சூப்பரிண்டெண்டு வாயிலிருந்து குழாயை எடுத்தார். "ஆர்வக் குறைவு. புத்தி பழைய தொழில்லயே நிக்கறது. இது ரிலாப்ஸ், நோய் திரும்பறது. இன்னும் ஆறு மாசம் வெச்சுப் பார்க்கணும்" என்றார். போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "நல்ல வேளை, நீ கவனிச்சே" என்று பாராட்டினார்.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கூடையின் விளிம்பை முடித்து, மீந்த பிரம்பை உள்ளே சொருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு பூட்டு, அந்தப் பக்கம் ஒரு பூட்டு. ரெண்டையும் போட்டுட்டு வந்து எங்கிட்டயே சொல்றியே நைனா" என்றார்.

அதுவரை என்னைச் சார் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

அந்த வியாழக்கிழமை கமிட்டித் தலைவி வந்தார். தர்ம வார்டின் அரிசி பருப்பெல்லாம் அந்த மாமியின் கையில்தான். ஒவ்வொருவரிடமும் நின்று, "சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவார். அவர் தாண்டிப் போனதும் பாய் முணுமுணுத்தார்.

"அந்தம்மா ரவிக்கைய எவன் வெட்டினான்? வலது தோளு அர விரக்கடை எறங்கிக் கீது. கைய மேல தூக்க முடியாது. பாருங்க, பூவ இடது கையாலதான் சரி பண்ணும்."

பார்த்தேன். மாமி இடது கையைத் தூக்கிக் கொண்டைப் பூவைச் சரிசெய்துகொண்டார்.

இரக்கம் என்னை உந்தியது என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த 'நைனா' காதில் குடைந்துகொண்டிருந்தது. மறுநாள், பெட்ரோல் பஞ்சத்தில் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி, தியாகராய நகருக்குப் போனேன். மாமி கூடத்தில் பட்டுத் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடாப்பா, கூடை கொண்டு வந்திருக்கியா?"

"இல்லை மாமி. உங்க ரவிக்கை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

உள்ளறையில் அவர் கணவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் கீழே இறங்கியது. பாய் சொன்னதை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மாமி வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

"யார் சொன்னா?"

"தர்ம வார்டு டெய்லர்."

"அந்தப் பைத்தியமா?"

"பைத்தியம் எல்லாம் தெளிஞ்சு அஞ்சாறு மாசமாச்சு மாமி."

"ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். பாண்டி பஜார்ல ஒரு கடங்காரன் ஏழு ரவிக்கை தச்சான், ஒண்ணாவது கையில ஏறணுமே. துணியக் குடுத்தனுப்பறேன், அங்கேயே தைக்கச் சொல்லு."

"அங்கே கத்தரிக்கோல், ஊசி எதுவும் உள்ளே விட மாட்டா. ஆள் வெளியில வந்தாத்தான் முடியும்."

"வரட்டுமே. யார் வேண்டாம்னா? தெளிஞ்ச மனுஷனைப் பிடிச்சு வெச்சுண்டு என்ன பண்றார் உங்க டாக்டர்?"

பத்து மாதமாக விஞ்ஞானத்துக்குப் பிடிபடாதது மாமிக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கே காரில் வந்து அதே கேள்வியைக் கேட்டார். சூப்பரிண்டெண்டு உடனே பாயை வரவழைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, பூரண குணம் என்று கண்டுபிடித்தார். என்னை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்ல சர்டிபிகேட்டும் எழுதவைத்தார்: 'கூடை பின்னும் சிகிச்சையினால் முற்றிலும் குணமடைந்தவர். கூடை மிக நன்றாகப் பின்னுவார்.' என் கையெழுத்துக்கு அன்று தனி அழகு இருந்தது. இதே விஷயத்தை அவர் பிறகு ஒரு டாக்டர்கள் சபையில் கட்டுரையாக வாசித்தார். கூடைப் படம் போட்டுக் கொடுத்தது நான்.

குணமானவரை முதலாளியிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது பாயும் நானும் ஒரே ரிக்ஷாவில் லஸ்ஸுக்குப் போனோம். நான், அடையாறு பாலத்தில் ஆரம்பித்து மாட வீதி வரைக்கும், மனத் தைரியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

கடையில் அவர் மிஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்து பாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வா பாய். தேவலையா? போன வாரமே ஆள் வெச்சுட்டேன், நீ வர இன்னும் ஆறு மாசம் ஆவும்னு உன் மச்சான் சொன்னாரு." என் பக்கம் திரும்பினார். "எதனா எழுதிக் குடுத்துக்கீறாங்களா சார்?"

சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கூட நல்லா பின்னுவாருன்னு போட்டுக்கீது."

"ஆமாம். வெள்ளிக் கோப்பையே..."

"எனக்கு எதுக்கு சார் கூட? துணி வெட்ட கை நிக்குமா, நிக்காதா? அதச் சொல்லுங்க."

பத்து மாதம் அந்தக் கைகளை மேற்பார்வை பார்த்தவன் நான். அவர் ஒரு துணியை வெட்டி ஒரு தரம்கூட நான் பார்த்ததில்லை.

முதலாளி காத்திருக்கவில்லை. மாமி என்னிடம் கொடுத்தனுப்பிய ரோஜா நிறப் பட்டுத் துணியை வாங்கி மேஜையில் விரித்து, பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பாயின் கையில் வைத்தார். பாய் அதை வெறுங்காற்றில் ஒரு தரம் திறந்து மூடினார்.

நான் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தேன் என்பதே கால் படியை விட்டுத் தெருவில் பட்ட பிறகுதான் தெரிந்தது. முதலாளி அசையவில்லை. மிஷினில் இருந்தவர் அசையவில்லை. பாய் குணமானவர் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவன் மட்டும் கத்தரிக்கோலைக் கண்டு படியிறங்கி நின்றேன். பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். "வெளிச்சம் மறைக்குது."

தள்ளி நின்றேன். கத்தரி பட்டுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கோடு எதுவும் இல்லாமல், மறு ஓரம்வரை நிற்காமல் ஓடியது. முதலாளி வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். மிஷினில் இருந்தவரைப் பார்த்து, "நீ பொத்தான் வேலைக்குப் போ" என்றார்.

பாய் முக்காலியைத் தனக்கு வாகாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

ரிக்ஷாக்காரர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நான் தெருவைவிட்டு நகர்ந்தேன்.