கொடியடுப்பில் மூன்று வோல்ட்: கோட்டுச்சேரிமேட்டில் ஒரு காலை

திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறேன். யாராவது வீட்டிலேயே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுவேன். சென்ற நவம்பரில் ஒரு பின்னூட்டம் வந்தது: "எங்க வீட்டு விறகடுப்புல போன் சார்ஜ் ஆவுது. நம்பிக்கை இல்லன்னா வந்து பாருங்க." எழுதியவர் கலைமதி, ஊர் காரைக்காலை ஒட்டிய கோட்டுச்சேரிமேடு. நம்பிக்கை இல்லாததால் போனேன்.

வெள்ளிக்கிழமை மாலை மயிலாடுதுறையில் தங்கினேன். அறை வாடகை 700 ரூபாய். அன்று முழுக்கக் காற்றும் மழையும். சனிக்கிழமை காலை 6.40க்குப் பொறையாறு வழியாகக் காரைக்கால் போகும் பேருந்து, டிக்கெட் 32 ரூபாய். சுமார் 35 கிலோமீட்டர். கோட்டுச்சேரியில் இறங்கியபோது மணி 8.05. அங்கிருந்து கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 120 கொடுத்தேன். வரப்பு தெரியாமல் வயல்களில் தண்ணீர் நின்றது.

"மேட்டுல நேத்து மத்தியானத்துலேருந்து கரண்ட் இல்ல சார்," என்றார் ஆட்டோக்காரர். "போட்டு ஒண்ணு வேற இன்னும் கரைக்கு வரல."

அந்தப் படகில் போயிருந்த நால்வரில் ஒருவர் கலைமதியின் நாத்தனார் வசந்தியின் கணவர் முருகையன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். கலைமதி, "வந்துட்டீங்க, உக்காருங்க சார். இப்ப அதுதான் ஓடுது," என்று அடுப்பைக் காட்டினார்.

கலைமதிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் படித்தவர், காரைக்காலில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை. பழைய தண்ணீர்க் குளிர்விப்பான்களில் நாலு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு வெள்ளைத் தகடு இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இவர் அதைத் தலைகீழாக யோசித்தார். ஒரு பக்கத்தைச் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிர வைத்தால் மின்சாரம் வர வேண்டும் அல்லவா? வரும். முதலில் அரிக்கேன் விளக்கின் தலையில் ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சின்ன எல்.இ.டி. மினுக்கென்று எரிந்ததாம். "வெளிச்சத்த எரிச்சு வெளிச்சம் எடுக்கவா? அதான் அடுப்புக்கு வந்தேன்," என்றார்.

மண் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், அதே தீயின் அனல் வரும் துணை அடுப்பான கொடியடுப்பின் வாயில் கனமான இரும்புத் தகடு. அதன்மேல் வரிசையாக இணைத்த நான்கு வெள்ளைத் தகடுகள். அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றிய அலுமினியத் தட்டு. வயர், வோல்டேஜை ஐந்துக்கு ஏற்றும் ஒரு சிறிய போர்டு, கடைசியில் வசந்தியின் பட்டன் போன். என் மீட்டரில் தகடுகளின் முனையில் 2.3 வோல்ட் காட்டியது. போர்டு அதற்குக் கீழே சரியாக வேலை செய்யாது. சார்ஜ் குறி வருவதும் போவதுமாக இருந்தது.

தெருவில் மற்றவர்கள் தங்கள் போன்களை ஆட்டோக்காரரிடம் கொடுத்து, காரைக்காலில் சார்ஜ் போட்டு வரச் சொன்னார்கள். வசந்தி கொடுக்கவில்லை.

"அவரு போன் நனைஞ்சிருக்கும். யாருகிட்டயாச்சும் வாங்கிப் பேசுனா, அவருக்கு மனப்பாடமா தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான்," என்றார் அவர். நியாயம். (என் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது; பவர் பேங்க் மயிலாடுதுறை அறையில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.)

கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் பத்தரை மணிக்கு தேடுவதற்காக இரண்டு ஃபைபர் படகுகளை இறக்கப்போவதாகக் கரையில் முடிவு. ஒன்றில் கலைமதியின் கணவர் செந்தில். கடல் நன்றாக இல்லை என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. செந்தில் வாசலில் நின்று, "வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார். கலைமதி அடுப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கலைமதி தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போன நேரம், வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்து இரண்டு சவுக்கு விறகை உள்ளே தள்ளினேன். 2.6, 2.9 என்று ஏறியது. பிறகு ஒரே நொடியில் பூஜ்யம். சூடு அதிகமானால் அந்தத் தகட்டுக்குள் இருக்கும் ஈயப்பற்று உருகிவிடும். ஒன்று போனால் வரிசையே போச்சு. இதைப் பாடமாக நடத்துபவன் நான்.

கலைமதி வந்து பார்த்தார். "தீயக் கூட்டுனீங்களா?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

அவர் திட்டவில்லை. விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். செத்த தகட்டை மீட்டரால் கண்டுபிடித்து வெட்டிவிட்டு, மிச்சம் மூன்றை முறுக்கி இணைத்தார். 1.7 வோல்ட். போன் அசையவில்லை. மணி 10.20.

"தீயக் கூட்ட முடியாது. மேல குளுர வைக்கணும். வசந்தி, பொட்டில ஐஸ் இருக்கா?"

வசந்தி மீன் விற்பவர். தெர்மாகோல் பெட்டியின் அடியில் முந்தின நாள் ஐஸ் கொஞ்சம் கட்டியாகக் கிடந்தது. மீன் செதிலோடு அப்படியே அள்ளித் தட்டில் கொட்டினார். 2.2, 2.7, 3.0. சார்ஜ் குறி மறையாமல் நின்றது. பன்னிரண்டு நிமிடம் கழித்து போனை ஆன் செய்தார்கள். ஐஸ் பாதி கரைந்திருந்தது.

10.41க்கு மணி அடித்தது.

"ஏங்க... நீங்கதானா? எங்க இருக்கீங்க?" வசந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "வேளாங்கண்ணிக்குப் பக்கத்துல ஒதுங்கியிருக்காங்க அண்ணி. நாலு பேரும் இருக்காங்க. வல போச்சாம்."

கலைமதி எழுந்தார். அடுப்பு, வயர், என்னை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். ஒரு படகு மணலில் நின்றது. செந்தில் இருந்த படகு முதல் அலையைத் தாண்டிவிட்டது. கத்தினால் கேட்காது. கரையில் இருந்தவர்கள் துண்டுகளைச் சுழற்றினார்கள். மூன்றாவது அலையில் படகின் மூக்கு எழும்பிப் பக்கவாட்டில் விழுந்து, நிமிர்ந்தது. யாரோ இங்கே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். படகு மெதுவாக வளைந்தது. அது மணலைத் தொட ஏழு நிமிடம் ஆனது.

கலைமதி அப்போதுதான் உட்கார்ந்து அழுதார். செந்தில் பக்கத்தில் வந்து நின்று, "கெடச்சிட்டாங்களா?" என்று கேட்டார். கலைமதி ஆமென்று தலையை ஆட்டினார்.

இரண்டு மணிக்கு ஆட்டோ திரும்பி வந்தது, நானும் கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. கோட்டுச்சேரியிலிருந்து ஆட்டோ தவிர வேறு வழி குறைவு. திரும்பும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சாப்பிட வேண்டுமானால் காரைக்கால்தான். இதைச் செய்து பார்க்க விரும்பினால், அதிகச் சூடு தாங்கும் தகடு என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் என் போன்றவர்களையும் தாங்கும். இது வீட்டுக்கு மின்சாரம் தராது. ஒரு மின்விசிறி கூடச் சுற்றாது. இரண்டு வாட், அவ்வளவுதான். தீயை விட, மேலே இருக்கும் தண்ணீரைக் கவனியுங்கள்.

போகும் முன் கலைமதியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வேலை நாள்களில் அவர் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். அதன் பிறகுதான் அடுப்பு பற்ற வைக்கிறார்.