ஆச்சிக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவே நான்

காலை டியூஷனில் ஆங்கில வினைச்சொற்கள் நடத்தினேன். 'டெல்' வந்தால் அடுத்து ஆள் வரவேண்டும், அதற்கடுத்து அவர் செய்ய வேண்டியது. 'டெல் ஹிம் டு ஈட்.' பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னார்கள்.

சாயங்காலம் கொத்தமங்கலத்தில் ஒரு மாணவி வீட்டுக் கல்யாணம், பலகாரப் பந்தி. இங்கிலீஷ் டீச்சர் என்பதால், அந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சுவர். பந்தி முடியாமல் எழுந்திருக்கவும் முடியாது.

வீட்டுக்கார ஆச்சி வெள்ளைப் பணியாரத்தோடு வந்தார்.

"டீச்சர், அவுகள இன்னும் ரெண்டு சாப்பிடச் சொல்லுங்க."

'ஷி வான்ட்ஸ் யூ டு ஈட்' என்றேன். பாவம், சாப்பிட்டார்.

ஆச்சி திரும்பி வந்தார். "இன்னும் ரெண்டு சாப்பிடச் சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சாப்பிட்டார்.

மூன்றாவது முறை ஆச்சி வருவதைப் பார்த்ததும் வெள்ளைக்காரர் என்னிடம் கெஞ்சினார். "ப்ளீஸ், டெல் ஹர் டு ஸ்டாப்!"

காலையில் நான் நடத்திய அதே வாக்கிய அமைப்பு. ஆனால் தன் வீட்டுப் பந்தியில் பரிமாறுகிற ஆச்சியிடம் 'நிறுத்துங்க' என்று எந்த வாயால் சொல்வது?

"என்ன சொல்றாக டீச்சர்?"

"பணியாரம் ரொம்ப நல்லாருக்காம், ஆச்சி."

ஆச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளைக்காரர் இலையில் மூன்று விழுந்தது.

"வாட் டிட் யூ டெல் ஹர்?" என்றார் அவர்.

நான் தலை குனிந்தேன். என் இலையிலும் மூன்று.

"நீங்க ஏன் சும்மா இருக்கீக? சாப்பிடுங்க!"

பந்தியில் ஆச்சியிடம் 'போதும்' என்று சொல்லித் தப்பித்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டுக்கு வாருங்கள். எந்த மொழியில் சொன்னீர்கள்?